பினாங்கு மூச்சும் உளுந்து மூட்டையும்

அன்று சரக்கு அடுக்குகிற கிட்டங்கி வாசலில் இருந்தவர்கள் இவர்கள். சுமைக்காரர்களின் மேஸ்திரி. கணக்கப்பிள்ளை, மடியில் புளியங்கொட்டைப் பையோடு. லாரி மேல் நின்று மூட்டையை முதுகில் இறக்கிவிடும் இரண்டு பேர். கிட்டங்கிக்குள் மிளகாய் வத்தல் மிதிக்கிற நான்கு பேர். ஓட்டைப்பல் சுமைக்காரர் ஒருவர். என் வயதுதான், அன்று வேலை இல்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தார். வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த பினாங்குக்காரர். என் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். பிறகு நான்.

முதலாளி மாடியில் இருக்கிறார் என்றார்கள். நான் பார்க்கவில்லை.

சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து அடுத்த மாசி மாதம். சனிக்கிழமை. விருதுநகர் பேட்டை.

சுமைக்காரர் கூட்டத்தில் புது ஆள் சேர ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு லாரி லோடை ஒற்றை ஆளாகக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் அடுக்கி அட்டி போட வேண்டும். லாரிக்கு அறுபது மூட்டை. உளுந்து மூட்டை ஒன்று ஒரு ஆளுக்கு மேல் கனம் இருக்கும். வெளிச்சம் இருக்கிற வரை நேரம். ஒரு மூட்டை கீழே விழுந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விழுந்த மூட்டையை மறுபடி முதுகில் ஏற்ற இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். அப்படி இரண்டு பேரைக் கெடுக்கிறவன் கூட்டத்துக்கு ஆகமாட்டான். அதுதான் காரணம்.

நான் சேரவில்லை என்றால் திங்கட்கிழமை மருந்து அறைக்குத் திரும்ப வேண்டும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அறையில் ஐந்து பேர். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். பானைக்குப் பக்கத்தில் நின்றேன். செம்பை வாயில் வைத்தேன். திரும்பிப் பார்க்கிறபோது அறை இல்லை. நாலு பேரும் இல்லை. செம்பு கையில் இருந்தது.

அதற்குமேல் அதைப்பற்றி எனக்கு எழுதத் தெரியாது.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பெண்டாட்டி அதே கம்பெனியில் திரி வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் போர்மேன் அவளிடம் சொல்லிவிட்டார். "புது ஆர்டர் வந்திருக்கு. கலக்குற கை வேணும். மாசி கடைசித் திங்கக்கிழம ஒம் புருசன் வந்தா ரெண்டு பேரும் வாங்க. அவன் வரலைன்னா நீயும் வராத."

அவள் வந்து அதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "நீக போகவேண்டாம்" என்றாள். பிறகு, "வேற என்ன வேலை இருக்கு?" என்றும் அவளே கேட்டாள்.

மழையை நம்பின ஊர் எங்களுடையது. மல்லாங்கிணற்றுக்குப் பக்கம். வேற என்ன வேலை இருக்கும்? மச்சான்தான் பேட்டைக் கூட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். மாசி கடைசி சனிக்கிழமை பார்க்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்கு ஒரு மாதம் இருந்தது.

என் உடம்பு அப்போது ஒன்றுக்கும் ஆகாது. எட்டு மாதம் சும்மா கிடந்த உடம்பு. மருந்துத் தூசி தின்ற நெஞ்சு. நாலு குடம் தண்ணீர் இறைத்தால் உட்கார வேண்டும்.

மச்சான் கிணறு வெட்டுகிறவர். அவர் சொன்னார், "மாப்ள, மூட்டை தூக்குறது கையில இல்ல, காலுல. மொதல்ல ஓடு."

ஓடினேன். விடிகிற நேரம் ஊரிலிருந்து கிளம்பி விருதுநகர் வரை. பத்து மைல் இருக்கும். முதல் நாள் ஒரு மைலில் வாந்தி எடுத்தேன். மீதியை நடந்தேன். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "எவன் தொரத்துறான்?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், "பெண்டாட்டி தொரத்துறா" என்றார். பத்து நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். பாதியை ஓடி, பாதியை நடந்து, பிறகு முக்காலை ஓடி. கடைசி வாரம் முழுக்க ஓடினேன். வேகம் கிடையாது. நிற்காமல் போவேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் கல். ஊரில் இளவட்டக்கல் ஒன்று பெரிய தெருவில் கிடந்தது. அதை எங்கள் தெரு ஆட்கள் தொடக்கூடாது. மச்சான் ஒரு பாறைத் துண்டை வெட்டின கிணற்றிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டார். பிடிக்க இடம் இல்லாத கல். கையைச் சிராய்க்கும். குந்தி உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, தொடைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தோளுக்கு ஏற்ற வேண்டும்.

தொடைக்கு வரும். தோளுக்கு வராது.

"யோசிக்காத மாப்ள. யோசிச்சா கல்லு கனக்கும். ஒரே மூச்சு. வெடி மாதிரி தூக்கணும்."

"அந்தச் சொல்லைச் சொல்லாதீக" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு அவர் சொல்லவில்லை. "ம்" என்று மட்டும் சொல்வார். அந்த 'ம்'முக்குத் தூக்க வேண்டும். பதினைந்தாம் நாள் தோளுக்கு வந்தது. உடனே கீழே போட்டேன். தோளில் ஏறினதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. கல்லைப் போட்டதுதான் சுகமாக இருந்தது.

பினாங்குக்காரர் வந்தது இப்படி. ஓடி முடித்துப் பேட்டையில் அவர் கடையில்தான் டீ குடிப்பேன். அவர் கடை திறக்கும் முன் வாசலில் நின்று கையை மெதுவாக உயர்த்துவார், மெதுவாக இறக்குவார். தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி. கண்ணை மூடியிருப்பார். நாலு வருஷம் பினாங்கில் துறைமுகத்துக் கூலிகளுக்குச் சமையல் செய்தவர். அங்கே ஒரு சீனக் கிழவனிடம் படித்தாராம்.

சண்டை முடிந்தும் சூடு ஆறாத காலம் அது. பேட்டை ஆட்கள் விடுவார்களா? ஓட்டைப்பல்லுக்காரர் தினமும் கேட்பார். "ஏலே, எல்லையில நம்ம ஆளு செத்துப் போயிருக்கான், இங்கன நீ சீனாக்காரன் ஆட்டம் ஆடுறியா? ஒளவு சொல்லுதியா?"

"டீய்யக் குடி. ஒன் பல்லு வழியா ஒழுகுது பாரு" என்பார் பினாங்குக்காரர். கையை இறக்கமாட்டார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு நாள் அவராகவே சொன்னார். "நீ மாருல மூச்சு விடுத. அது மேலாப்புல நிக்கிற மூச்சு. தொப்புளுக்குக் கீள ஒரு சட்டி இருக்குன்னு வச்சுக்கோ. மூக்கால இளு. மெதுவா. சட்டி நெறையுற மட்டும் இளு. வச்சுக்கோ. பெறகு விடு. களைச்சுப் போச்சுன்னா அப்பிடியே நின்னு மூணு தடவ சட்டிய நெறச்சுக்கோ. சக்தி தன்னால வரும். சீனன் இத வச்சுத்தான் நாள் பூரா கப்பல்ல சரக்கு ஏத்துதான்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் செய்து பார்த்தேன். காட்டுப் பாதையில், விடிகாலைக் காற்றில், ஆறாவது மைலில் கால் ஓய்கிறபோது நின்று மூன்று தடவை சட்டியை நிறைத்தேன். உண்மையாகவே நெஞ்சு லேசானது. எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக இருமல் இல்லாமல் மூச்சு உள்ளே போனது. அதைப் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள், "சீனாக்காரனா இருந்தா என்ன, நல்லாருக்கட்டும்" என்றாள்.

ஓட்டம், கல், மூச்சு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் ஒன்று. ஒரு மாதம் முழுக்க நான் களைப்பாகவே இருந்தேன். தூங்கி எழுந்தாலும் களைப்பு. சாப்பிடுவது களைப்பு. பேச வாய் வராது. முன்னாலும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

சனிக்கிழமை வந்தது.

முதல் மூட்டை முதுகில் இறங்கியபோது கல்லைவிட லேசு என்று நினைத்தேன். பத்தாவது மூட்டையில் அப்படி நினைக்கவில்லை. லாரியிலிருந்து அட்டிக்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும். வாசல் தாண்டினதும் வலது கைப்பக்கம் நாலு பேர் வத்தலைச் சாக்கில் போட்டு ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாயிலும் மூக்கிலும் துணி கட்டியிருந்தார்கள். கதவு வழியாக விழுந்த வெயிலில் தூசி சிவப்பாகத் தெரிந்தது. அதைத் தாண்டிப் பின்சுவர் ஓரம் உளுந்து அட்டி. இரண்டு அடுக்குக்கு மேல் எழும்பி எறிய வேண்டும். திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கப்பிள்ளை ஒரு புளியங்கொட்டையைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைப்பார்.

தும்மல் வந்தது, அடக்கினேன். கண் எரிந்தது, பரவாயில்லை. மருந்து அறையில் இதைவிடப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். இருபது ஆயிற்று. இருபத்திரண்டு ஆயிற்று. கால் நடுங்க ஆரம்பித்தது.

இருபத்து மூன்றாவது மூட்டையோடு வாசலைத் தாண்டினேன். இனி ஒரு எட்டு வைக்க முடியாது என்று தோன்றியது. பினாங்குக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. களைத்தால் நில்லு. சட்டியை நிறை.

நின்றேன். வத்தல் மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில். மூக்கால் இழுத்தேன். மெதுவாக. அடிவயிறு வரைக்கும்.

தீயைக் குடித்த மாதிரி இருந்தது. நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் பற்றிக்கொண்டது. இரும ஆரம்பித்தேன். இருமல் நிற்கவில்லை. கண் தெரியவில்லை. இருமுகிற ஒவ்வொரு தடவையும் மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்துப் பார்த்தேன். விழுந்தது.

வத்தல் மிதித்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

முதலில் பேசினது ஓட்டைப்பல்லுக்காரர். வாசலில் நின்று கத்தினார். "ஏலே கூறுகெட்டவனே, கிட்டங்கிக்குள்ள எவனாவது மூச்சு விடுவானாலே? இது என்ன கோயிலு சாம்பிராணியா, இளுத்து இளுத்துப் பிடிக்க? வெளிய வாங்கிட்டு வா, உள்ள அடக்கு, போட்டுட்டு ஓடியா! எங்க வீட்டுப் பூனைக்கும் தெரியும்லே!"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அதுதான்.

மேஸ்திரி உள்ளே வந்தார். "எறங்கிருச்சுப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "போயிட்டு வா. ஏலே, ரெண்டு பேரு வாங்க, இதத் தூக்கி விடுங்க."

லாரி மேல் இருந்த இரண்டு பேரும் இறங்க ஆரம்பித்தார்கள்.

மருந்து அறை நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. களைப்புத்தான் இருந்தது. திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டிய பத்து மைல்தான் தெரிந்தது. அதைவிட இந்த மூட்டை பக்கத்தில் இருந்தது. குந்தி உட்கார்ந்தேன். மூட்டையைக் கட்டிப்பிடித்தேன்.

மச்சான் வாசலில் நின்றார். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "ம்" என்றார்.

தொடைக்கு வந்தது. நிற்காமல் தோளுக்கு வந்தது. நடந்தேன். அட்டியில் போட்டேன். வெளியே வந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்து இருமினேன். இருமி முடிக்க நேரம் ஆயிற்று. அதற்குள் வாசலில் பேச்சு முற்றிவிட்டது.

"விழுந்தா வீட்டுக்குத்தான். எங்க அப்பன் காலத்து ஏற்பாடு இது" என்றார் மேஸ்திரி.

"ஏற்பாடு எதுக்கு மேஸ்திரி? ரெண்டு பேரு வேலை கெடும்னுதான? யாரு வேலை கெட்டுச்சு? அவுக ரெண்டு பேரும் பாதி ஏணியிலல்லா நிக்காக" என்றார் மச்சான்.

லாரிக்காரர் இரண்டு பேரும் உண்மையாகவே பாதி இறங்கி அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தரையிலருந்து ஒத்தையில தூக்குன ஆளு நம்ம கூட்டத்துல யாரு இருக்கா?" என்று ஓட்டைப்பல்லுக்காரரைக் கேட்டார்.

"எனக்கு என்ன கிறுக்கா, தரையிலருந்து தூக்க?" என்றார் அவர்.

மேஸ்திரி கணக்கப்பிள்ளையிடம், "மொதல்லருந்து. இப்பப் போட்டது ஒண்ணு" என்றார்.

கணக்கப்பிள்ளை முன்னால் இருந்த இருபத்திரண்டு புளியங்கொட்டையையும் வழித்துப் பைக்குள் போட்டார். ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் போகச் சொல்லியிருந்தாலும் சரி என்று போயிருப்பேன்.

எழுந்தேன்.

அதற்குப் பிறகு ஓட்டைப்பல்லுக்காரர் சொன்னபடி செய்தேன். லாரிப் பக்கம் நின்று பினாங்கு மூச்சை வாங்குவேன். சட்டி நிறையும். மூட்டை இறங்கும். வாயை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போவேன். கல்லைத் தூக்குகிற மாதிரி ஒரே எழும்பு, அட்டியில் எறிவேன். வெளியே வந்துதான் மூச்சு விடுவேன். ஓட்டம், கல், மூச்சு மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க எனக்கு ஒரு மாதம் போதவில்லை. ஒரு விழுந்த மூட்டை வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகும் அது சுலபமாகிவிடவில்லை. நடக்கக்கூடியதாக ஆயிற்று. அவ்வளவுதான்.

அந்த லாரி காலியானபோது முன்னால் முப்பத்தெட்டுக் கொட்டை இருந்தது.

இன்னும் இருபத்திரண்டு வேண்டும், அடுத்த லாரி வரவில்லை. சூலக்கரையில் டயர் வெடித்து நிற்கிறது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததுதான் அன்றைக்கு மோசமான காரியம். தொடை கல்லாகிவிட்டது. விரல் மடங்கினபடியே நின்றது. உள்ளங்கையை விரிக்க மச்சான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பினாங்குக்காரர் ஒரு டம்ளர் நீராகாரம் கொண்டுவந்தார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"உள்ள வத்தல் மிதிப்பாகன்னு எனக்குத் தோணலய்யா" என்றார்.

"எத்தன வருசமா இந்த வாசல்ல கடை போடுறீரு?" என்றார் மச்சான்.

"ஒம்பது."

"ஒம்பது வருசமா?"

"வாசல்லதானய்யா போடுதேன். உள்ள நான் எதுக்குப் போறேன்?"

மச்சான் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டைப்பல்லுக்காரருக்கும் வந்தது. "பினாங்குல மூட்டை தூக்கியிருக்கியாலே நீ?" என்று கேட்டார். "சோறு பொங்குனேன்" என்றார் பினாங்குக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க நெஞ்சு இடம் தரவில்லை. நீராகாரத்தைக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவர் சொன்ன மூச்சு நல்ல மூச்சுதான். அவர் நின்ற இடத்துக்கு அது சரி.

லாரி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வத்தல் மிதிக்கிறவர்கள் வேலை முடிந்து போகிற நேரம். அவர்கள் போனால் தூசி அடங்கும். ஆனால் அவர்கள் போகவில்லை. துணியை அவிழ்த்துக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. எனக்குக் கேலி இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பது. நாற்பத்தைந்து. லாரி மேல் இருந்தவர்கள் இப்போது மூட்டையைத் தொப்பென்று போடாமல் மெதுவாக வைத்தார்கள். அது ஏற்பாட்டில் இல்லாத காரியம். மேஸ்திரி பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பதுக்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மூத்திரம் போனது தெரியாமல் வேட்டி நனைந்திருந்தது. அதை மச்சான்தான் பிற்பாடு சொன்னார். காலைப் பார்த்தே நடந்தேன். உள்ளே நாற்பது, வெளியே நாற்பது.

கடைசி மூட்டையை எறிந்துவிட்டு அட்டியில் சாய்ந்து நின்றேன். மூச்சை விட்டேன். உள்ளேயே விட்டுவிட்டேன். இரும வேண்டும் என்று நினைத்தேன். இருமவும் தெம்பு இல்லை.

மேஸ்திரி வந்தார். "திங்கக்கிழம விடிய வந்துரு. துண்டு ரெண்டு கொண்டா. ஒண்ணு தோளுக்கு, ஒண்ணு மூக்குக்கு" என்றார். போய்விட்டார்.

ஓட்டைப்பல்லுக்காரர் ஒரு வெற்றிலையை மடித்து என் வாயில் வைத்தார். மெல்ல முடியவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

அதே திங்கட்கிழமை பெண்டாட்டிக்குக் கம்பெனி வேலை போயிற்று. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் வருத்தமாகச் சொன்னதில்லை. நான் பேட்டையில் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் மூட்டை தூக்கினேன். முதுகு போயிற்று, முழங்கால் போயிற்று. நல்ல வேலை என்று சொல்லமாட்டேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் விட்டுப்போன இடத்தில் கிட்டங்கி இருக்கும். அது போதும் என்று இருந்தேன்.

அன்றைக்கு மச்சான் என்னை மல்லாங்கிணற்று பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஆயிற்றா, ஆகவில்லையா என்று கேட்கவில்லை. மச்சான் தலையை ஆட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வெந்நீர் வைத்தாள்.

கை டம்ளரைப் பிடிக்கவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முதுகில் சணல் அறுத்த இடத்துக்கெல்லாம் விளக்கெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே கேட்டாள்.

"அறுபதும் நீகளே தூக்குனீகளா?"

"அறுபது இல்ல."

"பெறகு எம்புட்டு?"

எண்பத்திரண்டு.